மங்கை எழுதிக் கொடுத்த வாக்குமூலம்

யோவ், படியில நிக்கிற வெள்ளைச் சட்டை! அணைய்யா அதை. அணைச்சுட்டு ஏறு. உள்ள கைப்புள்ளைக்காரி உக்காந்திருக்கா, கண்ணு தெரியல? கண்டக்டர், நீங்களும் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னா எப்படி? ம், போடு கீழ. மிதி. நல்லா மிதி.

மன்னிச்சுக்கங்க தம்பி, உங்க காதுகிட்டயே கத்திட்டேன். முப்பத்திரெண்டு வருஷப் பழக்கம். பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். பேரு வீரபத்திரன். இந்த மதுரை கம்பம் ரூட்ல பழைய கண்டக்டருங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, பல்லி வீரபத்திரன்னு சொல்லுவாங்க. வர்றது தெரியாது, வந்து ஒட்டினா விடமாட்டேன். பீடி சிகரெட்டோட எவனையாச்சும் பஸ்ஸுக்குள்ள பாத்தேன், நடுக்காடுன்னாலும் எறக்கி விட்டுருவேன். பக்கத்து சீட்டுக்காரன் என்ன பாவம் பண்ணான்? இவன் விடுற புகையை அவன் எதுக்கு உள்ள இழுக்கணும்? நீங்களே சொல்லுங்க.

நானும் குடிக்கிறவன்தான், ஒளிப்பானேன். ஒரு நாளைக்கு ஒண்ணரை பாக்கெட். ஆனா பஸ்ல ஒருநாள் கூடக் குடிச்சதில்ல. ரோட்டுல, டீக்கடையில, பஸ் ஸ்டாண்டுல, எங்கயும் கெடையாது. பொது இடம்னா பொது இடம்தான், சட்டம்னா சட்டம்தான். குடிக்கணும்னா என் வீட்டுக்குள்ள, என் நாற்காலியில உக்காந்து, கதவைச் சாத்திக்கிட்டுக் குடிப்பேன். யாருக்கும் ஒரு தொந்தரவு கெடையாது.

நீங்க எதுவரைக்கும்? கம்பமா? சரி சரி. நான் அதுக்கு முன்னாலயே சின்னமனூர்ல எறங்கிருவேன். மச்சினன் வீடு. என் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரப் போறேன். ஆறு மாசமா அங்கதான் இருக்கா. பேரு மங்கையர்க்கரசி, நான் மங்கைன்னு கூப்பிடுவேன். மன்னிச்சுட்டேன் தம்பி. ஆம்பளைன்னா மன்னிக்கவும் தெரியணும்ல?

அவ என்ன தப்பு பண்ணான்னு நீங்க கேக்க மாட்டீங்க, நாகரிகம் தெரிஞ்ச புள்ளையா இருக்கீங்க. நானே சொல்றேன். உசிலம்பட்டி வர்ற வரைக்கும் என்ன செய்யப் போறோம்? அவ சிகரெட் குடிச்சா தம்பி. எனக்குத் தெரியாம. முப்பத்தொரு வருஷமா.

பாத்தீங்களா, உங்களுக்கே தூக்கிவாரிப் போடுது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பாத்தா பச்சப்புள்ள மாதிரி இருப்பா. நாலு பேர் முன்னாடி நிமிந்து பேச மாட்டா. கோயில் விபூதி, வெள்ளிக்கிழமை விரதம், எல்லாம் உண்டு. எங்களுக்குக் குழந்தை இல்ல. ரெண்டு தரம் உண்டாச்சு, ரெண்டும் தங்கல. அவ உடம்பு வாகு அப்படின்னு நான் ஒரு சொல்லு சொன்னதில்ல, எங்கம்மாதான் சொல்லும். இப்ப யோசிச்சா, அப்பவே குடிச்சிருப்பாளோ, அதனாலதான் தங்கலையோன்னு தோணுது. அந்தப் புள்ளைகளை நெனைச்சா வயிறு எரியுது தம்பி.

நான் ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்து ரெண்டு வருஷம் இருக்கும். அப்பத்தான் அவளுக்கு இருமல் ஆரம்பிச்சது. எங்க வீடு பழங்காநத்தத்துல, சின்ன வீடு. ஒரு ஹாலு, ஒரு ரூமு, ஒரு அடுப்படி. நாள் பூராவும் நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டேன், அப்படியும் கொறையல. ஒரு வாளித் துணியைப் பிழிஞ்சா மூச்சு வாங்குது. ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. பேசிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுச் சுவத்துல சாயறா. சளி மருந்து, கஷாயம், ஒண்ணும் கேக்கல. சரின்னு நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நான்தான் தம்பி கூட்டிட்டுப் போனேன், அவ கேக்கக்கூட இல்ல.

சின்ன வயசு டாக்டர். ஒரு குழாயைக் குடுத்து ஊதச் சொன்னாரு. அவளால ஊத முடியல. மூணு தரம் ஊதினா. டாக்டர் பேப்பரைப் பாத்துட்டு அவகிட்ட கேட்டாரு, "ஏம்மா, உங்களுக்குப் புகைப்பழக்கம் உண்டா? இல்ல, விறகடுப்பா?" கேஸ் அடுப்பு வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு சொன்னேன். "அப்படியா? இருபது வருஷம் சிகரெட் குடிச்சவங்க நுரையீரல் மாதிரியில்ல இருக்கு" அப்படின்னாரு.

அந்த வார்த்தை என் மனசுல வந்து நின்னுச்சு பாருங்க, அதோட போச்சு என் நிம்மதி.

டாக்டர் அதுக்கப்புறமும் ஏதேதோ பேசினாரு. வீட்ல யாரு குடிப்பாங்கன்னு கேட்டாரு. நான்தான், ஆனா அவளுக்கு ஒருநாள் கூடக் குடுத்ததில்லையேன்னேன். சிரிக்கிறாரு! குடிக்கிறவங்க விடுற புகை பக்கத்துல இருக்கிறவங்க நெஞ்சுலயும் போகுமாம், அதே விஷம்தானாம். பக்கத்து ரூம்ல உக்காந்து குடிச்சாலும் கதவிடுக்குல வந்துருமாம். ஜன்னலைத் திறந்து வச்சாலும், ஃபேனைப் போட்டாலும் முழுசாப் போகாதாம். மெத்தையில, திரைச்சீலையில எல்லாம் தங்கிக்குமாம். "நிறுத்துனா ரொம்ப நல்லது. நிறுத்த முடியலேன்னா வாசலுக்கு வெளிய போய் குடிங்க சார். வீட்டுக்குள்ள ஒண்ணு கூடக் கூடாது. இவங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே போச்சுன்னா நான் பொறுப்பில்ல" அப்படின்னு முடிச்சாரு.

எவ்வளவு அழகாச் சொன்னாரு பாத்தீங்களா? அங்கதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு.

எங்க தொழில்ல ஒண்ணு கத்துக்கிட்டோம் தம்பி. டிக்கெட் இல்லாதவன் சொல்ற காரணம் மோசமா இருந்தா, பாவம், உண்மையா இருக்கலாம். கேக்கக் கேக்க நியாயமா இருந்துச்சுன்னா, பொய். கோர்வையா, விளக்கமா, கைகாலெல்லாம் வச்சு சொல்றான் பாருங்க, அவன் கேடி. முப்பத்திரெண்டு வருஷத்துல இது ஒரு தடவை கூட எனக்குத் தப்பினதில்ல. புருஷன் முன்னாடி பொம்பளையைக் காட்டிக் குடுக்க டாக்டருக்கு மனசு வரல. அதான் சுத்தி வளைச்சு என் தலையில கட்டுறாரு. எனக்கா புரியாது? நான் குடிக்கிறேன், என் நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு. குடிக்காதவளுக்கு எப்படிப் போகும்? யாரு காதுல பூ சுத்துறது?

செக்கானூரணி தாண்டிட்டோமா? காத்து நல்லா வருது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை கேக்கல. பஸ்ல ஏறின உடனே டிக்கெட் கேக்கிறவன் செக்கிங்கே தெரியாதவன். மொதல்ல மூஞ்சியைப் பாக்கணும். டிக்கெட் இல்லாதவன் ஒண்ணு ஜன்னலுக்கு வெளிய பாப்பான், இல்ல தூங்குற மாதிரி நடிப்பான். மங்கையைக் கவனிச்சேன். ஜன்னலுக்கு வெளிய பாக்குறா தம்பி! எப்பப் பாத்தாலும் ஜன்னல்கிட்டயே போய் நிக்கிறா. நான் சாத்தினா அவ திறக்கிறா. கொசு வருதுன்னு சாத்துறேன், அஞ்சு நிமிஷத்துல திறந்து கிடக்கு. எதுக்கு? வாசனை வெளிய போகணும்ல!

அப்புறம் திடீர் சோதனை. ரேஷன் கடைக்குப் போறேன்னு பையைத் தூக்கிட்டுப் போய், தெருமுனையில நின்னு, பத்து நிமிஷத்துல திரும்பி வருவேன். வந்து, "வாயைத் திற, ஊது" அப்படிம்பேன். வாயில ஒண்ணும் இருக்காது. கெட்டிக்காரி. ஆனா தலைமுடியை மோந்து பாத்தேன், அப்படியே சிகரெட்டு நாத்தம். சேலையை மோந்தேன், நாத்தம். அவ தலையணையில கூட நாத்தம் தம்பி! "இது எங்கேருந்துடி வந்துச்சு?" அப்படின்னேன். "நீங்க குடிக்கிறதுதாங்க" அப்படிங்கிறா. நான் குடிச்சா என் தலையிலல்ல இருக்கணும்? அவ தலைக்கு எப்படிப் போச்சு?

ஒருநாள் விரலைப் புடிச்சுப் பாத்தேன், நுனியெல்லாம் சாம்பல். ஆஷ்ட்ரேயைக் கழுவினேன்னு சொல்றா. எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கா பாருங்க.

அதுக்கு மேல மாடி. சாயங்காலம் ஆனா மாடிக்குப் போயிருவா. மூச்சு வாங்க வாங்க, படிக்குப் படி உக்காந்து உக்காந்து ஏறுவா. மூச்சு முட்டுறவளுக்கு மாடியில என்ன வேலை? பூனை மாதிரி பின்னாலயே போனேன். கைப்பிடிச் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு, வானத்தைப் பாத்து, வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறா. கையில ஒண்ணுமில்ல. நான் வர்ற சத்தம் கேட்டு கீழ போட்டிருப்பா. எறங்கிப் போய்ச் சந்து முழுக்கத் தேடினேன், கெடைக்கல. "எங்கடி போட்ட?" அப்படின்னேன். முழிக்கிறா. ஒரே ஒரு அறை. ஓங்கியெல்லாம் இல்ல தம்பி, நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. மாடிக்கதவைப் பூட்டி சாவியை என் அரைஞாண் கயித்துல கோத்துக்கிட்டேன். ஹால் ஜன்னலுக்கும் குறுக்க ஒரு கம்பி வச்சு முடுக்கிட்டேன்.

அடுத்த பத்தாவது நாள் ஆஸ்பத்திரி. உதடெல்லாம் நீலம் பூத்துப் போச்சு. ஆக்சிஜன் வச்சாங்க. ஏன்? யோசிங்க. முப்பது வருஷப் பழக்கத்தை ஒரேயடியா நிறுத்தினா உடம்பு என்ன பண்ணும்? கேட்டு அடம்புடிக்கும்ல? எனக்கு அது பெரிய சாட்சி. டாக்டர் என்னடான்னா மறுபடியும் என்னையே பிலுபிலுன்னு புடிச்சாரு. "இன்னும் வீட்டுக்குள்ளதான் குடிக்கிறீங்களா? அடுத்த தடவை இவங்க தாங்க மாட்டாங்க" அப்படிங்கிறாரு. நான் விடல. சார், ரத்தமோ மூத்திரமோ எடுத்து இவ குடிச்சிருக்காளா இல்லையான்னு டெஸ்ட் இருக்காமேன்னு கேட்டேன். படிச்ச பையன் ஒருத்தன் சொல்லியிருந்தான். எதுக்கு சார்ன்னாரு. எழுதிக் குடுங்கன்னேன்.

சென்னைக்கு அனுப்பி ரிசல்ட் வந்துச்சு. இருக்கு தம்பி! சிகரெட்டோட சத்து அவ உடம்புல இருக்கு! டாக்டர் சொல்றாரு, "இது குடிக்கிறவங்க அளவு இல்ல சார், பக்கத்துல இருக்கிறவங்க அளவு." அளவு என்ன அளவு? பயணி திண்டுக்கல் வரைக்கும் டிக்கெட் வாங்கிட்டு ஒரு ஸ்டாப் தள்ளிப் போனாலும் குத்தம் குத்தம்தான். கொஞ்சமா இருந்தா குடிக்கலன்னு ஆயிருமா?

உசிலம்பட்டியா இது? டீ சாப்புடுறீங்களா? வேண்டாமா? சரி.

மச்சினனை வரச் சொன்னேன். ஞானவேல்னு பேரு, அவளுக்குத் தம்பி, திராட்சைத் தோட்டம் வச்சிருக்கான். வந்தான். எல்லாத்தையும் வரிசையா எடுத்து வச்சேன். ஊதுற டெஸ்ட், முடி, சேலை, விரல், மாடி, சென்னை ரிசல்ட். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "அத்தான், ஒருவேளை டாக்டர் சொல்றது..." அப்படின்னு இழுத்தான். நான் பாத்த பார்வையில நிறுத்திட்டான். அவ ஹால்ல ஒரு மூலையில உக்காந்து இருமிக்கிட்டு இருக்கா. எனக்கு மனசு கேக்காம நாலஞ்சு சிகரெட் தொடர்ச்சியா போயிருச்சு. பதட்டம்ல?

செக்கிங்ல ஒருத்தன் மாட்டினான்னா வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்ல. எழுதி வாங்கணும். நாளைக்கே வக்கீலை வச்சு மாத்திப் பேசுவான். அதனால பேப்பர் எடுத்து அவ முன்னால வச்சேன். எழுதுன்னேன். அவ என்னைப் பாக்கல தம்பி, ஞானவேலைப் பாத்தா. அப்புறம் எங்கிட்ட கேட்டா: "எழுதிக் குடுத்தா என்னை இவன்கூட அனுப்பிருவீங்களா?" சத்தியமா அனுப்புறேன்னேன். அவ்வளவுதான், பேனாவை எடுத்துட்டா. ஒரு மறுப்பு இல்ல, ஒரு அழுகை இல்ல. குத்தமில்லாதவ அப்படி எழுதுவாளா?

இந்தா, சட்டைப் பையிலயே வச்சிருக்கேன். நனையாம இருக்க கவர் போட்டிருக்கேன். படிக்கிறேன் கேளுங்க. "வீரபத்திரன் மனைவி மங்கையர்க்கரசி ஆகிய நான் என் கணவருக்குத் தெரியாமல் நீண்ட காலமாகப் புகைபிடித்து வந்ததை யாருடைய வற்புறுத்தலும் இன்றி ஒப்புக்கொள்கிறேன். இனி இவ்வாறு நடவாது என உறுதி அளிக்கிறேன்." கீழ கையெழுத்து. சாட்சி, ஞானவேல். நான் சொல்லச் சொல்லத்தான் எழுதினா, ஆனா கையெழுத்து அவளோடது. நடுவுல ரெண்டு இடத்துல கோணிப் போச்சு பாருங்க, இருமல் வந்துருச்சு.

அன்னைக்கே அவனோட அனுப்பிட்டேன். சொன்ன சொல் தவற மாட்டேன். நான் இதை மறைக்கவும் இல்ல. சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல இந்தப் பேப்பரைப் போட்டோ எடுத்துப் போட்டேன். நாளைக்கு யாரும் நான் அவளைக் காரணமில்லாம விரட்டிட்டேன்னு சொல்லிரக் கூடாதுல்ல. மானம் போச்சுதான். ஆனா என் மேல பழி வரல.

இப்பக் கேளுங்க அதிசயத்தை. அங்க போய் ஒரு மாசத்துல இருமல் கொறைஞ்சிருச்சாம். மூணு மாசத்துல தோட்டத்துல நடக்கிறாளாம். கூடையைத் தூக்கிட்டு வர்றாளாம். ஞானவேல் ஒருநாள் போன் பண்ணி, "அத்தான், அக்காவுக்கு ஊதுற டெஸ்ட் மறுபடி எடுத்தோம், நல்லா ஊதுது" அப்படிங்கிறான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நான் பட்ட கஷ்டத்துக்குப் பலன் கெடைச்சுருச்சுல்ல? ஞானவேல் எதையும் தொடாதவன். அந்த வீட்ல ஒரு தீக்குச்சி எடுக்கணும்னாலும் அடுப்படிக்குத்தான் போகணும். அவளுக்கு அங்க குடிக்க வழியே இல்ல. குடிக்க வழியில்லாம போனதும் நோய் போயிருச்சு. இதுக்கு மேலயும் ஒரு சாட்சி வேணுமா? அந்த டாக்டர்கிட்ட போய்ச் சொல்லணும்னு இருக்கேன்.

ஆண்டிபட்டி கணவாய். இங்க காத்தைப் பாருங்க, ஆளைத் தூக்குது.

அவளுக்கு அங்கயே இருந்துரணும்னுதான் ஆசை போல. ஆனா ஞானவேல் பொண்டாட்டி திலகா இருக்கே, அது ஒரு மாதிரி. அவங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க. வர்றவனெல்லாம் திரும்பிப் போறானாம். "அத்தைக்காரி சிகரெட் குடிப்பாளாமே, எழுதிக் குடுத்திருக்காளாமே" அப்படின்னு எவனோ குரூப்புல இருந்த போட்டோவை அனுப்பியிருக்கான். ஊரு எப்படிப்பட்ட ஊரு பாருங்க தம்பி! ஒரு பொம்பளை திருந்தினதுக்கு அப்புறமும் விடமாட்டேங்கிறாங்க. திலகா இவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வச்சிருச்சாம். சமையல்கட்டுப் பக்கம் வராதேன்னுருச்சாம். போன வாரம் ஞானவேலே கூப்பிட்டான். "அத்தான், நீங்க வந்து அக்காவைக் கூட்டிட்டுப் போயிருங்க, வேற வழியில்ல" அப்படின்னு அழுகுறான். நான் ஆறுதல் சொன்னேன். கட்டினவன் இருக்கும்போது அவளுக்கு வேற போக்கிடம் எதுக்கு?

வீட்டையெல்லாம் சரி பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். ஏசி போட்டாச்சு, அவ நெஞ்சுக்குக் குளுமையா இருக்கட்டும்னு. மெக்கானிக் வந்து இடுக்கு விடாம எல்லாத்தையும் அடைச்சுக் குடுத்துட்டுப் போனான். ரோட்டுத் தூசு ஒரு பொட்டு உள்ள வராது.

நேத்து சாயங்காலம் அவளே போன்ல பேசினா. ஆறு மாசத்துல மொத தடவை. கொரலு தெளிவா இருந்துச்சு தம்பி, கல்யாணமான புதுசுல பேசுவாளே, அந்தக் கொரலு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. "வர்றேங்க. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். அந்தப் பேப்பரை ஊருக்கெல்லாம் காட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்ங்க. வீட்டுக்குள்ள குடிக்காதீங்க. வாசல்ல நின்னு குடிங்க, மாடியில போய்க் குடிங்க. உள்ள மட்டும் வேண்டாம். நான் செத்துருவேங்க" அப்படிங்கிறா.

எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் குடிக்கிறதைப் பாத்தா அவளுக்கு ஆசை வந்துரும்ல? பழைய பழக்கம்ல? அதை வாயை விட்டுச் சொல்ல வெக்கம். பாவம்னு இருந்துச்சு. சரி, வெளியவே குடிக்கிறேன்னு சொல்லிட்டேன். "நெசமாவா?" அப்படிங்கிறா. நெசமாத்தான்னேன். "உங்கம்மா மேல சத்தியமா?" அப்படிங்கிறா. சத்தியம்னேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். சின்னப் புள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுகுறா தம்பி.

அட, நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? வாசல்ல நின்னு எப்படிக் குடிக்கிறது? வாசல்னா தெரு. தெருன்னா பொது இடம். எத்தனை பேரை எறக்கி விட்டவன் நான், நானே தெருவுல நின்னு ஊதினா எவன் மதிப்பான்? மாடியேற எனக்கு முட்டி ஒத்துக்காது. என் வீட்ல, என் நாற்காலியில உக்காந்து குடிக்க நான் யாருகிட்ட கேக்கணும்? அடம்புடிக்கிற பயணியை எறக்கணும்னா அடுத்த ஸ்டாப்புல வேற வண்டி நிக்குதுன்னு சொல்லுவோம். எறங்கினப்புறம்தான் அவனுக்குத் தெரியும். மொதல்ல வீடு வந்து சேரட்டும். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா, அப்புறம் பழகிரும்.

வீரபாண்டி தாண்டியாச்சு, இனி பக்கம்தான். ஞானவேல் சொன்னான், காலையிலேருந்தே பையைக் கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல வந்து உக்காந்துட்டாளாம். வீட்டுக்கு வர அவ்வளவு ஆசை. எத்தனை சண்டை போட்டாலும் புருஷன் புருஷன்தானே தம்பி.

அந்தா, பாருங்க பாருங்க, புளியமரத்துப் பக்கம். ஊதாச் சேலை. அவதான். என்னைப் பாத்துட்டா. ஐயையோ, ஓடி வர்றா! நாப்பது அடி இருக்கும்ல? பையைத் தூக்கிட்டு ஓடி வர்றா, மூச்சே வாங்கல. சிரிக்கிறா வேற. இந்த மூஞ்சியை நான் பாத்து எத்தனை வருஷமாச்சு!

சரி தம்பி, கொஞ்சம் காலை ஒதுக்குங்க. ஹோல்டான், ஹோல்டான்! ஆளு எறங்கணும்.